கீபோர்டு பாவம், அதை விடுங்கள்

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலைகளுக்கும் தோட்ட ஆபீஸ்களுக்கும் மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். அடிக்கடி வரும் போன் இதுதான்: "தம்பி, கீ வேலை செய்யலப்பா." நான் போய்ச் சேர்வதற்குள் கிராணி (ஆபீஸ் எழுத்தர்) புது கீபோர்டே வாங்கி மாட்டியிருப்பார், அதிலும் அதே கதைதான்.

தட்டிய கீ நேராக நம் நிரலுக்கு வந்துவிடுவதில்லை. லினக்ஸில் முதலில் கெர்னல் என்ற மையப் பகுதி, அப்புறம் திரையையும் கீபோர்டையும் கவனிக்கும் எக்ஸ் சர்வர், அது ஃபோகஸ் உள்ள, அதாவது இப்போது தட்டுவதைப் பெறும் விண்டோவுக்கு ஈவென்ட் என்ற சிறு செய்தியாக அனுப்ப, நம் நிரலோடு சேர்ந்த எக்ஸ்லிப் நூலகம் அதை வாங்கித் தன் வரிசையில் வைக்க, கடைசியில்தான் நாம் எழுதிய நிரல்வரிகள். எங்கே நின்றது என்று பார்க்காமல் நிரலில் கை வைக்காதீர்கள். எவ்டெஸ்ட் என்ற கருவி கெர்னலுக்கு வந்ததைக் காட்டும், அதற்கு ரூட் அனுமதி வேண்டும். எக்ஸ்இவி என்ற கருவி எக்ஸ் சர்வர் அனுப்புவதைக் காட்டும். முதலாவதில் வந்து இரண்டாவதில் வரவில்லையா, வேறு ஏதோ நிரல் அந்தக் கீயைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டிலும் வந்தால் நம் நிரலைத்தான் பார்க்க வேண்டும்.

ஓர் ஆலையில் லாரி எடை போடும் இடத்தில் நடந்தது. டிரைவர் கார்டைத் தேய்த்தால் லாரி எண் திரையில் வர வேண்டும். கார்டு ரீடர் கணினிக்குக் கீபோர்டு மாதிரிதான், எண்களை மளமளவென்று தட்டி முடிவில் என்டர் போடும். ஆனால் பாதி எண்ணோடு திரை நிற்கும், மவுஸை ஆட்டினால் மீதி ஒவ்வொன்றாக வரும்! எடைக்கருவி ஓடும்போது எல்லாம் சரி, அதை அணைத்தால்தான் கோளாறு. அதனால் எல்லோரும் கருவியையே திட்டிக்கொண்டிருந்தார்கள்.

முன்பு யாரோ எழுதிய அந்த நிரல் எடைக்கருவியின் சீரியல் போர்ட்டையும் எக்ஸ் இணைப்பையும் செலக்ட் (எதிலாவது தரவு வரும் வரை நிரலைத் தூங்கவைக்கும் அழைப்பு) போட்டுக் காத்திருந்தது. விழித்தால் எத்தனை ஈவென்ட் காத்திருக்கிறது என்று எக்ஸ்பெண்டிங்கைக் கேட்டு ஒரே ஒரு ஈவென்ட்டை எடுத்துவிட்டு மறுபடி செலக்ட்டுக்குப் போய்விடும். எக்ஸ்லிப்போ அந்த எக்ஸ் இணைப்பின் சாக்கெட்டில் இருந்த எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்துத் தன் வரிசையில் வைத்துவிடுகிறது. சாக்கெட் காலி, செலக்ட்டுக்கு விழிக்கக் காரணமே இல்லை. எடைக்கருவி ஓயாமல் எடையை அனுப்பும்போது அந்தச் சாக்கில் நிரல் விழித்து மிச்சத்தையும் எடுத்துவிடும், கோளாறு வெளியே தெரியாது. திருத்தியது ஒரு வரிதான்: இஃப் (ஒரு முறை மட்டும்) இருந்த இடத்தில் வைல் (திரும்பத் திரும்ப). எக்ஸ்பெண்டிங் பூஜ்யம் சொல்லும் வரை எடுத்து முடித்துவிட்டுத்தான் தூங்கப் போக வேண்டும்.

மற்றவை சின்ன விஷயங்கள். எந்த ஈவென்ட் வேண்டும் என்று சொல்லும் எக்ஸ்செலக்ட்இன்புட்டில் கேட்காத கீ, மவுஸ் ஈவென்ட் உங்கள் விண்டோவுக்கு வராது, மேலே உள்ள விண்டோவுக்குப் போய்விடலாம். திரையில் இன்னும் தோன்றாத விண்டோவுக்கு ஃபோகஸ் கொடுத்தால் பேட்மேட்ச் என்ற பிழைதான் கிடைக்கும். எக்ஸ்கிராப்கீ போட்டு எஃப்9-ஐ, எந்த விண்டோவில் தட்டினாலும் தங்கள் நிரலுக்கே வரும்படி பிடித்தவர்கள் நம்லாக்கைக் கவனியுங்கள். கிராணிகள் அதை அணைப்பதே இல்லை, அது எரியும்போது மாடிஃபையர் (கூடவே இயங்கும் ஷிஃப்ட், நம்லாக் போன்ற கீகளின் நிலை) பொருந்தாமல் உங்கள் எஃப்9 செத்துக் கிடக்கும். நம்லாக், கேப்ஸ்லாக் சேர்ந்த ஒவ்வொரு கூட்டுக்கும் தனித்தனியாகப் பிடிக்க வேண்டும்.

தொழிலாளர் பெயரைத் தமிழில் தட்டும் இடத்தில் மட்டும் எழுத்து சேராமல் போகிறதென்றால், தட்டும் கீகளைத் தமிழ் எழுத்தாகச் சேர்க்கும் இன்புட் மெத்தடைத் திறந்த பிறகு ஒவ்வொரு ஈவென்ட்டையும் எக்ஸ்ஃபில்டர்ஈவென்ட்டுக்குக் காட்டுகிறீர்களா என்று பாருங்கள். முக்கால்வாசி நேரம் அந்த ஒரு அழைப்பு விட்டுப்போயிருக்கும்.

புதுக் கணினிகளில் எக்ஸுக்குப் பதிலாக வேலண்ட் ஓடினால் எக்ஸ்இவியை அப்படியே நம்பாதீர்கள், அது எக்ஸ்வேலண்ட் (வேலண்டில் எக்ஸ் நிரல்களை ஓடவைக்கும் இடையாள்) வழியாக வருவதை மட்டும்தான் காட்டும். அங்கே வெவ் என்ற கருவியை ஓட்டிப் பாருங்கள்.