அலமாரி வாங்கும் முன் நடைபாதையை வரையுங்கள்

“ஆயிரம் சதுர அடி வீடு சார். ஆனா நாலு பேர் வந்தா உட்கார இடமில்லை.” இன்டீரியர் வேலைக்காக என்னைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

முதலில் அந்த ஆயிரத்தைச் சரிபார்த்துவிடுவோம். விளம்பரத்தில் போடும் ஆயிரம் பெரும்பாலும் சூப்பர் பில்டப் ஏரியா. படிக்கட்டு, லிஃப்ட், காரிடார் என்று எல்லாவற்றிலும் உங்கள் பங்கைக் கூட்டிச் சொல்வது அது. ரியல் எஸ்டேட்டை ஒழுங்குபடுத்த 2016-இல் வந்த ரெரா சட்டம் கார்ப்பெட் ஏரியா என்றால் என்ன என்று தெளிவாகவே சொல்லிவிட்டது. வெளிச்சுவர், குழாய்கள் இறங்கும் ஷாஃப்ட், பால்கனி, திறந்த மாடி எல்லாம் போக, உள்ளே நீங்கள் புழங்குகிற தரைதான் கணக்கு. உள்சுவர்களின் கனம் மட்டும் அதில் சேரும். ஆயிரம் என்று விற்ற வீட்டில் இந்தக் கணக்கு எழுநூறுக்குப் பக்கத்தில் வந்து நிற்பது சென்னையில் சகஜம்.

எழுநூறும் மோசமில்லை. அதில் ஐந்து பேர் தாராளமாக இருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தொள்ளாயிரம் அடியில் இரண்டு பேர் இடித்துக்கொண்டு நடக்கும் வீடுகளையும் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றால், முதல் வீட்டில் ஆள் நடக்கிற வழியை ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் பொருளை வைத்திருப்பார்கள். இரண்டாவதில் பொருளை வைத்துவிட்டு மிச்சத்தில் நடப்பார்கள்.

அதனால் அலமாரி டிசைனுக்கு முன்னால் நான் கையில் எடுப்பது சாக்பீஸும் இஞ்ச் டேப்பும்தான். வாசலில் இருந்து சமையலறைக்கு, அங்கிருந்து சர்வீஸ் ஏரியாவுக்கு, படுக்கையறையில் இருந்து பாத்ரூமுக்கு என்று தினமும் நடக்கிற வழியைத் தரையிலேயே வரைந்துவிடுவேன். ஒருவர் நடக்க இரண்டரை அடி, எதிரும் புதிருமாக ஆள் வரும் இடத்தில் மூன்று அடி. இந்தக் கோட்டுக்குள் காலணி ஸ்டாண்டு உட்பட எதுவும் வரக் கூடாது. கோடு போட்ட பிறகுதான் பலருக்கு விஷயம் புரியும். ஹாலில் மூன்று பேர் சோஃபாவுக்கு எதிரில் போட்ட டீபாய் நடுவழியில் உட்கார்ந்திருக்கும். அதைச் சுற்றிப் போய்த்தான் வீடே நடந்துகொண்டிருக்கும்.

கதவுகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மூன்று அடிக் கதவு ஒன்று திறந்து மூட ஏழு சதுர அடி தரையை எடுத்துக்கொள்கிறது. இரண்டரை அடி பாத்ரூம் கதவுக்குக் கிட்டத்தட்ட ஐந்து. சின்ன வீட்டில் ஐந்தாறு கதவு இருந்தால் முப்பது சதுர அடி இப்படியே போய்விடும். எல்லாவற்றையும் ஸ்லைடிங் ஆக்கச் சொல்லவில்லை. தலைவாசல் கதவில் கை வைக்க வேண்டாம். உள்ளறைகளில் கீலை இடமிருந்து வலத்துக்கு மாற்றினாலே சில சமயம் ஒரு முழுச் சுவர் விடுதலையாகிவிடும். ஆசாரிக்கு அரை நாள் வேலை. கதவு திறந்தால் மறைகிற சுவரில்தான் நாம் பீரோவை வைக்க ஆசைப்படுகிறோம் என்பது தனி வேடிக்கை.

படுக்கையறைக்கு வருவோம். பத்துக்குப் பத்து அறை. கடையில் பார்த்த ஆறடி அகலக் கட்டில்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் ஆறு அடி. எதிர்ச் சுவரில் வார்ட்ரோப் இரண்டு அடி. நடுவில் மிஞ்சுவது இரண்டே அடி. அதில் நின்றுகொண்டு ஒன்றரை அடிக் கதவைத் திறந்தால் நீங்கள் கட்டிலில்தான் உட்கார வேண்டும். ஐந்தடிக் கட்டில் போட்டால் நடுவில் மூன்று அடி கிடைக்கும். அறையே வேறு அறையாகிவிடும். இரண்டு கட்டிலுக்கும் நீளம் ஒன்றுதான், ஆறரை அடி. குழந்தை நடுவில் படுக்கும் வயது வரைக்கும் பெரிய கட்டில் தேவைதான், ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சில வருஷத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மெத்தை போட்டுக்கொள்ளலாம். பாயை விரித்துப் படுத்துக் காலையில் சுருட்டி வைத்த வீடுகளில் வளர்ந்தவர்கள்தானே நாம்? ஒரே அறையைப் பகலில் ஒரு மாதிரியும் இரவில் ஒரு மாதிரியும் பயன்படுத்த நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சுவரில் மடக்கி நிமிர்த்தும் கட்டில் இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் உங்கள் சுவர் எதனால் கட்டியது என்று தெரியாமல் ஆர்டர் கொடுக்காதீர்கள். புது அடுக்ககங்களில் வெள்ளை நிற ஏஏசி பிளாக் சுவர்தான் அதிகம். காற்றுக் குமிழிகள் நிறைந்த கான்கிரீட் கல் அது, லேசானது. சாதாரண பிளக் அடித்து ஸ்க்ரூ முடுக்கினால் நாளாவட்டத்தில் லூசாகிக் கையோடு வரும். அதற்கென்றே தனி ஆங்கர் இருக்கிறது. எடை அதிகமென்றால் தரையில் ஊன்றிய சட்டம் போட்டுத்தான் நிறுத்த வேண்டும். டிவிக்கும் கீசருக்கும் இதே விதிதான். பிள்ளைகளுக்கு அடுக்குக் கட்டில் போடுகிறவர்கள் மேல்தட்டில் பிள்ளை எழுந்து உட்கார்ந்தால் ஃபேன் இறக்கை எவ்வளவு தூரத்தில் சுற்றுகிறது என்று ஒரு முறை அளந்துவிடுங்கள். பத்தடி உயர அறையில் அது பயப்பட வைக்கும் தூரம். சுவர் ஃபேனுக்கு மாறுவதுதான் ஒரே வழி.

இனி நான் அதிகம் சண்டை போடும் விஷயம், அலமாரியின் ஆழம். எல்லா அலமாரியும் இரண்டு அடி ஆழம் என்று நம் ஊரில் ஒரு வழக்கமாகிவிட்டது. ஹேங்கரில் சட்டை தொங்கவிடத்தான் அந்த இரண்டு அடி வேண்டும். மடித்து வைக்கும் புடவைக்கும் வேட்டிக்கும் பதினாலு அங்குலம் போதும். புத்தகத்துக்குப் பத்து. மசாலா பாட்டிலுக்கு நாலு. இரண்டடி ஆழத்தில் புடவையை அடுக்கினால் முன்வரிசை மட்டும்தான் கட்டுவோம். பின்வரிசையில் என்ன இருக்கிறது என்று அடுத்த கல்யாணம் வரும்போதுதான் தெரியும். ஆழம் குறைந்த அலமாரியில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், தரையும் மிஞ்சும். எட்டு அடி நீள அலமாரியில் பத்து அங்குலம் குறைத்தால் ஆறரைச் சதுர அடிக்கு மேல் அறைக்குத் திரும்பக் கிடைக்கிறது. சதுர அடி ஏழாயிரம் என்று வைத்தால் நாற்பத்தைந்தாயிரத்துக்கு மேல். மெத்தைக்கும் ஜமுக்காளத்துக்கும் ஆழம் வேண்டுமே என்றால் அதற்குக் கட்டிலின் அடிப்பகுதி இருக்கிறது.

மேடவாக்கம் பக்கம் ஒரு வீடு. கார்ப்பெட் ஏரியா அறுநூற்றுச் சொச்சம். கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் மகள், கணவரின் அம்மா. சமையலறை ஏழுக்கு எட்டு. “மாடுலர் கிச்சன் போட்டுடுங்க” என்பதுதான் கோரிக்கை. நான் பென்சிலைத் தொடுவதற்கு முன் அந்த அம்மாவிடம் காலையில் என்னென்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “தம்பி, எல்லாம் கைக்கெட்டுற மாதிரிதான் இருக்கு. கிரைண்டர்தான் பெரும்பாடு” என்றார். மாவு வாரத்துக்கு இரண்டு முறை அரைப்பார்கள். கிரைண்டர் மேடைக்கு அடியில் சிலிண்டருக்குப் பின்னால் இருந்தது. ஒவ்வொரு முறையும் சிலிண்டரை நகர்த்திவிட்டுப் பதினைந்து கிலோவைக் குனிந்து இழுக்க வேண்டும். பிளக் பாயின்டோ எதிர்ச் சுவரில். வயர் குறுக்கே போகும். அரைத்து முடியும் வரை ஃபிரிட்ஜைத் திறக்க முடியாது.

அந்த வீட்டில் நாங்கள் கட்டிய முதல் பொருள் கிரைண்டருக்கு ஓர் இழுப்புத் தட்டு. முழங்காலுக்கு மேல் உயரம், தட்டை உள்ளேயும் வெளியேயும் ஓட்டும், கனமான எடை தாங்கும் சேனல், பக்கத்திலேயே பதினைந்து ஆம்பியர் பாயின்ட். சிலிண்டரைச் சர்வீஸ் ஏரியாவுக்கு மாற்றி, காப்பர் குழாய் மூலம் அடுப்புக்குக் கொண்டுவந்தோம். அதை முறையான ஆளை வைத்துத்தான் செய்ய வேண்டும். சிலிண்டர் உள்ளேயே இருக்கும் வீட்டிலும் ஒன்று கவனியுங்கள். எல்பிஜி காற்றை விடக் கனமானது. கசிந்தால் கீழேதான் தேங்கும். அழகுக்காகச் சிலிண்டரைக் கதவு போட்டு மூடுகிறவர்கள் கதவின் அடியில் காற்றுப் போக்குவரத்துக்குத் துளைகள் உள்ள ஜாலி வைக்காமல் விடுவதைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

சின்ன சமையலறையைப் பற்றி யோசித்தவர்களில் நான் மதிக்கும் பெயர் மார்கரெத்தே ஷூட்டே-லிஹோட்ஸ்கி. ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர். 1926-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக அவர் வரைந்த சமையலறை 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், அதாவது ஆறேகாலுக்குப் பதினொன்று அடி. ரயில் சாப்பாட்டுப் பெட்டியின் சமையலறையைப் பார்த்து, ஒரு பெண் எந்த வேலைக்கு எத்தனை அடி நடக்கிறாள் என்று நேரம் குறித்துக் கணக்கிட்டு வரைந்தார். அது போலக் கிட்டத்தட்ட பத்தாயிரம் சமையலறைகள் கட்டப்பட்டன. இன்றைக்கு நாம் மாடுலர் என்று சொல்வதற்கு முன்னோடி அதுதான். ஆனால் நம் கடைகளில் அதன் வெளித்தோற்றம்தான் கிடைக்கிறது. நடையை எண்ணிப் பார்க்கும் வேலையை யாரும் செய்வதில்லை. கேட்லாக்கில் மைக்ரோவேவ் ஓவன் வைக்கும் உயரமான டவர் இருக்கும். நம் வீட்டில் அந்த டவரில் பழைய டப்பாக்கள் இருக்கும்.

மேடை உயரத்தையும் சமைக்கிறவரை நிற்க வைத்து அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். பொதுவாக 32 முதல் 34 அங்குலம். ஐந்தடிக்குக் குறைந்தவர் என்றால் அதுவும் அதிகம், கொஞ்சம் இறக்கலாம்.

பரணைப் பற்றி ஒரு வார்த்தை. பரணை அழகாகக் கதவு போட்டு மூடச் சொல்கிறார்கள். சரி. ஆனால் மூடும் முன் எல்லாவற்றையும் கீழே இறக்குங்கள் என்பது என் நிபந்தனை. அதே மேடவாக்கம் வீட்டில் இறக்கியபோது வந்தவை: கொலு பொம்மைப் பெட்டிகள், சீராக வந்த பித்தளை அண்டா, ஓடாத மிக்ஸி இரண்டு, டிவி வந்த அட்டைப்பெட்டி, அதன் தெர்மாகோல், அந்த டிவியே இல்லை. கொலுப் பெட்டியும் அண்டாவும் மேலே போயின. மற்றவை பழைய சாமான்காரரிடம் போயின. “ரிப்பேருக்குக் கொடுக்கத்தான் வெச்சிருக்கேன்” என்று ஒரு மிக்ஸிக்காக அந்த அம்மா கடைசி வரை வாதாடினார். அதுவும் மேலே போயிற்று. இதெல்லாம் நடப்பதுதான்.

சுவரை உடைத்து ஹாலைப் பெரிசாக்கலாமா என்ற கேள்வி தவறாமல் வரும். பழைய ஹவுசிங் போர்டு பாணிக் கட்டடங்களில் பல இடங்களில் சுவர்தான் மேல்தளத்தைத் தாங்குகிறது. தூண், பீம் வைத்துக் கட்டிய அடுக்ககத்தில் நாலரை அங்குல உள்சுவர் பெரும்பாலும் வெறும் தடுப்புதான். ஆனால் “பெரும்பாலும்” என்பதை நம்பி சுத்தியலை எடுக்கக் கூடாது. இப்போதைய உயரமான கட்டடங்களில் அலுமினிய ஷட்டரிங் வைத்துச் சுவர் முழுக்கவே கான்கிரீட்டாக வார்க்கிறார்கள். அதில் வயர் ஓட்டக் காடி வெட்டுவதுகூடத் தப்பு. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வரைபடத்தைப் பார்த்து எழுத்தில் கொடுத்தால் மட்டும் இடியுங்கள். கொத்தனார் தட்டிப் பார்த்து “ஒண்ணும் ஆகாது சார்” என்று சொல்வதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

ஜன்னலை மறைக்காதீர்கள். ஈரப்பதமும் வெப்பமும் சேர்ந்த ஊர்களில் ஜன்னல் திறப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. நூறு சதுர அடி அறைக்குப் பதினேழு சதுர அடி. நாலுக்கு நாலு ஜன்னல் ஏறக்குறையச் சரியாக வரும். ஆனால் ஸ்லைடிங் ஜன்னல் என்றால் ஒரே சமயத்தில் பாதிதான் திறக்கும். அந்தப் பாதியையும் மறைத்து பீரோவை வைத்தால் அறையில் பூஞ்சை பிடிக்கும், துணியில் வாடை வரும். கன்னி மூலையில்தான் பீரோ இருக்க வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், நான் வாஸ்துவோடு மல்லுக்கு நிற்பதில்லை. அந்த மூலையில் ஜன்னல் இருந்தால் மட்டும் உயரம் குறைந்த பீரோவாகப் பாருங்கள்.

வெளிர் நிறம், கண்ணாடி இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். உதவும், ஆனால் இடித்துக்கொள்ளும் முழங்காலுக்கு உதவாது.

கடைசியாகப் பணக் கணக்கு. மர வேலைக்கு நம் ஊரில் முகப்பின் சதுர அடியை வைத்துத்தான் விலை போடுகிறார்கள். உயரமும் அகலமும் பெருக்கினால் வருவது அது. ஆழம் அதில் இல்லை. பதினாலு அங்குல அலமாரிக்கும் இருபத்துநாலு அங்குல அலமாரிக்கும் ஒரே ரேட் போட்டுக் கொடுப்பார்கள். “ஒரே விலைதானே, ஆழமாவே போட்டுக்கங்க” என்றும் சொல்வார்கள். பலகை குறைகிறது, அதனால் தனி ரேட் வேண்டும் என்று கேளுங்கள். தருவார்கள். சமையலறைக்கும் பாத்ரூமை ஒட்டிய சுவருக்கும் தண்ணீரைத் தாங்கும் 710 கிரேடு பிளைவுட்தானா என்று பலகையில் உள்ள முத்திரையைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மிச்சம் பிடித்த காசை நல்ல கீலுக்கும் சேனலுக்கும் போடுங்கள். கொட்டேஷனில் இவை எல்லாம் தனித்தனி வரியாக எழுதியிருந்தால்தான் அட்வான்ஸ் கொடுப்பேன் என்று சொல்லிவிடுங்கள்.