ஜாக்கெட் அளவைச் சொல்லி பிரா வாங்காதீர்கள்

போன மாதம் ஒரு கல்லூரிப் பெண் கடைக்கு வந்தாள். அம்மா வெளியே ஸ்கூட்டரிலேயே உட்கார்ந்துவிட்டார். "34 பி, பேட் வெச்சது, ரெண்டு குடுங்கக்கா" என்றாள். குரலே எழும்பவில்லை. ஆளைப் பார்த்தாலே தெரிந்தது, அந்த உடம்புக்கு 34 நிற்காது. "அளவெடுத்துப் பார்த்துடலாமா கண்ணு?" என்று உள்ளே கூட்டிப் போனேன்.

சட்டையைக் கழற்றித் திரும்பியபோது முதுகைப் பார்த்தேன். உள்வரிசைக் கடைசிக் கொக்கியில் மாட்டியும் பட்டை தொளதொளவென்று கிடந்ததால், இரண்டு விரல்கடை அளவுக்கு மடித்து ஊக்கு குத்தியிருந்தாள். ஊக்கு உரசி உரசி அந்த இடத்தில் தோல் கறுத்து, காய்ப்பு விழுந்திருந்தது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். பிளஸ் ஒன் படிக்கும்போதிலிருந்து என்றாள்.

டேப் வைத்தேன். மார்புக்குக் கீழே 66 சென்டிமீட்டர். மார்பின் எடுப்பான இடத்தில் 81. அவள் அளவு 65 பி. அதாவது 30 பி. இத்தனை வருடமும் தன்னைவிட இரண்டு சைஸ் பெரிய உடம்புக்குத் தைத்ததைப் போட்டிருக்கிறாள். கப்பின் மேல்பக்கம் காலியாகக் கிடந்ததைப் பார்த்து, தனக்குத்தான் ஏதோ குறை என்று நினைத்திருக்கிறாள். பேட் வைத்தது கேட்டதும் அதனால்தான்.

திருப்பூரில் ஓர் உள்ளாடைக் கம்பெனியில் பேட்டர்ன் செக்‌ஷனில் 9 வருடம் இருந்தேன். அதற்குப் பிறகு ஈரோட்டில் பெண்களுக்கான உள்ளாடைக் கடை, 11 வருடமாக. ஒல்லியான பெண்கள், சிறுகூடான உடம்புக்காரர்கள் வந்தால் பத்தில் ஏழெட்டுப் பேர் 34 பி என்றுதான் கேட்கிறார்கள். எங்கிருந்து அந்த 34 வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "ஜாக்கெட் 34 தானுங்களே."

சிக்கலே அங்குதான். டெய்லர் எடுக்கும் 34, மார்பின் எடுப்பான இடத்தைச் சுற்றி எடுத்த இஞ்ச் அளவு. பிராவில் அச்சடித்திருக்கும் 34 மார்பின் அளவே அல்ல. மார்புக்குக் கீழே விலா எலும்புகளைச் சுற்றி உட்காரும் பட்டையின் நம்பர் அது. அதுவும் இஞ்ச் டேப்பில் நேராக 34 வராது. 34 பட்டை, மார்புக்குக் கீழே ஏறக்குறைய 75 சென்டிமீட்டர், அதாவது 29, 30 இஞ்ச் உள்ளவருக்காகத் தைக்கப்படுகிறது. பெயரில் 34, உடம்பில் 30. இந்தக் குழப்பத்தில் நானே கம்பெனியில் சேர்ந்த புதிதில் பல நாள் தடுமாறியிருக்கிறேன்.

அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது: டேப்பைத் திருப்பிப் பிடியுங்கள். பின்பக்கம் சென்டிமீட்டர் இருக்கும். பிரா அட்டையிலும் பெரும்பாலும் இரண்டு நம்பர் இருக்கும், 32 பி என்பதன் பக்கத்தில் சின்னதாக 70 பி என்று. அந்தச் சின்ன நம்பரை நம்புங்கள். மார்புக்குக் கீழே 63 முதல் 67 வரை இருந்தால் 65, அது 30. 68 முதல் 72 வரை 70, அது 32. 73 முதல் 77 வரை 75, அதுதான் 34.

அளவெடுக்கும்போது பேட் இல்லாத மெல்லிய பிராவோடு அல்லது வெறும் உடம்போடு கண்ணாடி முன் நில்லுங்கள். டேப் முதுகில் ஏறிக்கொள்ளும். பக்கவாட்டில் திரும்பி, தரைக்கு இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். மூச்சை வெளியே விட்டு, டேப்பைச் சற்று இறுக்கிப் பிடித்துக் கீழ் அளவைக் குறியுங்கள். மேல் அளவுக்கு, அதாவது மார்பின் எடுப்பான இடத்துக்கு, இறுக்க வேண்டாம், டேப் பட்டும் படாமலும் இருக்கட்டும். பால் கொடுத்து முடித்து மார்பு தளர்ந்தவர்கள் நிமிர்ந்து ஒரு முறை, முன்னால் குனிந்து ஒரு முறை எடுத்து, இரண்டுக்கும் நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். மேல் அளவிலிருந்து கீழ் அளவைக் கழியுங்கள். 10 முதல் 12 வந்தால் ஏஏ, 12 முதல் 14 ஏ, 14 முதல் 16 பி, 16 முதல் 18 சி, 18 முதல் 20 டி. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். ஆனால் தேடத் தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

டி என்ற எழுத்தைக் கேட்டதும் பலர் பதறிப்போகிறார்கள். ஒரு டீச்சரம்மா, வயது 45 இருக்கும், மெலிந்த உடம்பு. தோள்பட்டையில் ஸ்ட்ராப் பதிந்து பதிந்து இரண்டு பக்கமும் பள்ளம். கீழே 68, மேலே 87. வித்தியாசம் 19. "70 டி போட்டுப் பாருங்க மேடம்" என்றேன். "டி-யா? எனக்கா? ஏனுங்க, நான் இருக்கிற இருப்புக்கு!" என்று அட்டையைத் தள்ளி வைத்துவிட்டார். டி என்றால் பெரிய மார்பு என்றுதான் எல்லோர் மனதிலும் பதிந்திருக்கிறது. ஆனால் கப்பின் எழுத்தைத் தனியாகப் படித்தால் பொருளே கிடையாது. ஒரே ஆழாக்குப் பாலை டம்ளரில் ஊற்றினால் மேலேறி நிற்கும், டவராவில் ஊற்றினால் அடியிலேயே பரவிவிடும். பால் அதேதான். 65 டி, 70 சி, 75 பி மூன்றிலும் கப் கொள்ளும் அளவு ஒன்றேதான். உடம்புக் கூடு குறுகலாக இருக்கும்போது அதே மார்புக்கு எழுத்து மேலே போகிறது.

அந்த டீச்சர் போட்டிருந்தது 36 பி, அதாவது 80 பி. அந்தக் கப்பும் 70 டி கப்பும் கொள்ளுவது ஒரே அளவுதான். கப் அவருக்குப் பெரிய தொந்தரவாக இருந்திருக்காது. பட்டைதான் 10 சென்டிமீட்டர் லூஸ். பட்டை பிடிக்காததால் எல்லா எடையும் ஸ்ட்ராப்பில் தொங்கி, தோளை அறுத்திருக்கிறது. பிராவில் தாங்குகிற வேலையின் பெரும்பங்கு பட்டையுடையது. ஸ்ட்ராப் கப்பை உடம்போடு ஒட்டிப் பிடிக்க மட்டும்தான். தோள் வலிக்கிறது என்று வருபவர்களுக்கு நான் முதலில் மாற்றுவது பட்டை சைஸைத்தான்.

சிறுகூடான உடம்புக்காரர்களுக்கு ஏன் எதுவுமே சரியாக அமைவதில்லை என்பதற்குக் கம்பெனிக்குள் ஒரு காரணம் இருக்கிறது. புது மாடல் வந்தால் முதலில் ஒரே ஒரு சைஸில் சாம்பிள் போடுவோம். பெரும்பாலும் அது 34 பி. அதே அளவுள்ள ஒருவருக்குப் போட்டுப் பார்த்து, ஸ்ட்ராப் எங்கே தொடங்க வேண்டும், கப் எவ்வளவு உயரம், கப்புக்கு அடியில் வரும் வயர் எவ்வளவு அகலம் என்று எல்லாம் திருத்துவோம். மற்ற சைஸ்களுக்கு அதிலிருந்து கணக்குப் போட்டு ஏற்றுவதும் இறக்குவதும்தான். 30-க்கு இறங்கும்போது ஒவ்வொரு கோட்டிலும் சில மில்லிமீட்டர் குறையும். ஆனால் குறுகிய தோள் உள்ள பெண்ணின் உடம்பு, 34 உடம்பைச் சுருக்கி வைத்தது அல்ல. பல கடைகளில் 32-க்குக் கீழே சரக்கே வைப்பதில்லை. வேகமாக ஓடாது என்று மொத்த வியாபாரி எடுக்கமாட்டார், அவர் எடுக்காததால் கம்பெனி வெட்டாது. கடையில் இல்லை என்றதும் "இருக்கிறதைக் குடுங்க" என்று பெண்கள் 34-ஐ வாங்கிப் போகிறார்கள். கேட்டுக்கொண்டே இருங்கள். நாலு பேர் 30 கேட்டால் நான் என் அடுத்த ஆர்டரில் எழுதுகிறேன். எல்லாக் கடைக்காரரும் எழுதுவார்.

போட்டுப் பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன். புது பிராவை வெளிவரிசைக் கொக்கியில், அதாவது லூஸான கொக்கியில் மாட்டினால் சரியாகப் பிடிக்க வேண்டும். எலாஸ்டிக் தளரத் தளர உள்ளே போவதற்குத்தான் மற்ற இரண்டு வரிசையும். வாங்கும்போதே கடைசிக் கொக்கியில்தான் நிற்கிறது என்றால் அந்த சைஸ் வேண்டாம். மாட்டியதும் குனிந்து, கையை உள்ளே விட்டு, அக்குள் பக்கத்துச் சதையையும் சேர்த்து முன்னால் இழுத்துக் கப்பில் வையுங்கள். இதைச் செய்யாமல் கப்பைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. காலியாகத் தெரிந்த கப் பல பேருக்கு இதிலேயே நிரம்பிவிடும். பிறகு இரண்டு கையையும் மேலே தூக்குங்கள். பட்டை எழும்பி மார்பின் மேல் ஏறினால் பட்டை பெரிது. முதுகில் பட்டை முன்பக்கத்துக்கு நேராக இருக்க வேண்டும். பின்னால் மேலேறி வில் மாதிரி வளைந்திருந்தால், ஸ்ட்ராப்பை இழுத்துப் பிடித்துச் சமாளித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். அதற்கு மேல் வேண்டாம்.

ஸ்ட்ராப் வழிந்து வழிந்து விழுவது ஒல்லியானவர்கள் சொல்லும் முதல் புகார். குறுகிய தோளுக்கும் சரிந்த தோளுக்கும், ஸ்ட்ராப் கப்பின் வெளி ஓரத்தில் தொடங்கும் மாடல் எதுவும் நிற்காது. கப்பின் நடுவில் தொடங்குகிறதா என்று கையில் எடுத்துப் பாருங்கள். முதுகில் இரண்டு ஸ்ட்ராப்பும் நெருங்கி வருகிற மாடல், ரேசர்பேக் மாதிரியானது, இன்னும் நல்லது. ஜாக்கெட்டுக்கு வெளியே தெரியும் என்று தயங்குபவர்களுக்கு, பின்னால் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க சின்ன கிளிப் கிடைக்கிறது.

வயர் வைத்தது என்றால், வயரின் நுனி மார்புச் சதைக்குப் பின்னால், உடம்பில் உட்கார வேண்டும். நடுப்பகுதி நெஞ்செலும்பில் படிந்திருக்க வேண்டும். 34-க்கான வயர் 30 உடம்பில் அக்குளுக்குள் போய்க் குத்தும். விலா எலும்பு எடுப்பாக இருப்பவர்களுக்குச் சரியான சைஸில்கூட வயர் வலிக்கலாம். அவர்கள் வயரே இல்லாமல், அகலமான மென்மையான பட்டை உள்ளதாக வாங்கலாம். சிறிய மார்புக்கு வயர் கட்டாயம் இல்லை.

இதையெல்லாம் செய்த பிறகும் கப்பின் மேல்விளிம்பு விலகியே நிற்கிறதா? உடனே சைஸைக் குறைக்காதீர்கள். மார்பு சிறியதாக இருப்பது வேறு, மேல்பக்கம் தட்டையாக இருப்பது வேறு. அச்சில் வார்த்த கெட்டி பேட் கப், உள்ளே என்ன இருந்தாலும் தன் வடிவத்தில்தான் நிற்கும். மேல்பக்கம் தட்டையானவர்களுக்கு உயரம் குறைந்த அரைக் கப்போ, மேல்விளிம்பில் இழுபடும் லேஸ் துணி வைத்ததோ அப்படியே படிந்துவிடும். ஒரு மார்பு கொஞ்சம் பெரிதாக இருப்பது நிறையப் பெண்களுக்கு உள்ளதுதான், பயப்பட ஒன்றுமில்லை. பெரிய பக்கத்துக்குப் பொருந்துவதாக வாங்கி, மறுபக்கம் எடுத்துப் போடும் பேட் வைத்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் பல கடைகளில் போட்டுப் பார்க்க இடமே கிடையாது. உள்ளாடையைத் திருப்பி எடுக்கவும் மாட்டார்கள். மூன்று சேர்ந்த பாக்கெட் மலிவு என்று எடுத்துவிடாதீர்கள். ஒன்று வாங்கி, ஒரு வாரம் போட்டுப் பார்த்து, பிறகு மற்றதை வாங்குங்கள்.

அம்மாக்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மகளுக்கு முதல் பிரா வாங்க வரும்போது, "இவளுக்கு என்ன இருக்கு, எதுவோ ஒண்ணு குடுங்க" என்று கடையில் வைத்துச் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளை முகம் சுருங்குவதை நான் மேசைக்கு இந்தப் பக்கமிருந்து பார்க்கிறேன். மார்பு வளர ஆரம்பிக்கும்போது தொட்டாலே வலிக்கும். ஓடும்போது, ஸ்கிப்பிங் ஆடும்போது சிறிய மார்பும் மேலும் கீழும் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் அசையும். பள்ளியில் விளையாடும் பிள்ளைக்குச் சிம்மிக்குப் பதில் அழுத்திப் பிடிக்கிற ஸ்போர்ட்ஸ் பிரா ஒன்று வாங்கிக் கொடுத்தால் தைரியமாக ஓடுவாள். வளரும் வயதில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளவு பாருங்கள், அவளிடம் கேட்டுவிட்டு.

இன்னொன்று, காயப்போடுவது. துண்டுக்கு அடியிலோ நைட்டிக்கு அடியிலோ ஒளித்துக் காயப்போடுகிறோம். பேட் உள்ளுக்குள் ஈரமாகவே இருக்கும். அதைப் போட்டு வேர்த்தால் பட்டைக்கு அடியில் அரிப்பும் படையும் வரும். காற்றோட்டமான இடத்தில் தனியாகப் போடுங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள், சுடுதண்ணீரில் போடாதீர்கள். எலாஸ்டிக் போனால் எவ்வளவு சரியாக அளவெடுத்து வாங்கியதும் வீண்.

பிரா போட்டால் புற்றுநோய் வரும், வயர் வைத்தால் வரும் என்று கேட்பவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள். 2014-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள ஃபிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையத்தினர், மாதவிடாய் நின்ற பெண்களிடம் இதை ஆராய்ந்தார்கள். கப் அளவு, வயர், ஒரு நாளில் எத்தனை மணி நேரம், எந்த வயதிலிருந்து என்று பார்த்ததில், எதற்கும் மார்பகப் புற்றுநோயோடு தொடர்பு தெரியவில்லை. ஆனால் மார்பு சிறியதாக இருந்தால் புற்றுநோய் வராது என்று நினைப்பதும் தவறு. புதிதாகக் கட்டி, அக்குளில் வீக்கம், காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பில் இரத்தம், தோலில் குழி விழுவது, இவற்றில் எது தெரிந்தாலும் டாக்டர் பார்க்க வேண்டும். டிரையல் ரூமில் என்னிடம் கட்டியைக் காட்டி, "பிரா அழுத்தி வந்ததாக்கா?" என்று கேட்டவர்கள் உண்டு. அப்படி வந்தவர்களுக்கு அன்றைக்கு நான் பிரா விற்பதில்லை. கடையிலிருந்தே நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புகிறேன்.