சுய உதவிக் குழு: தன் உதவியா, தம் உதவியா?

‘சுய உதவிக் குழு’ என்பதில் உதவியும் குழுவும் தமிழ்ச் சொற்கள். ‘சுய’ மட்டும் ‘ஸ்வயம்’ என்ற வடசொல்லின் வழியில் வந்தது. சுயநலத்தைத் தன்னலம் என்றும் சுயசரிதையைத் தன்வரலாறு என்றும் மாற்றிக்கொண்ட மாதிரி, இதையும் ‘தன்னுதவிக் குழு’ ஆக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். எனக்கு அதில் ஒரு குறை உண்டு. முதலில் இந்தப் பெயர் வந்த வழியைப் பார்த்துவிடலாம்.

ஆங்கிலத்தில் ‘செல்ஃப் ஹெல்ப்’ என்ற சொல்லைப் பரவலாக்கியது, 1859-இல் சாமுவேல் ஸ்மைல்ஸ் அதே தலைப்பில் வெளியிட்ட நூல். ஒரு மனிதன் தன் உழைப்பால் முன்னுக்கு வருவதுதான் அதன் பேச்சு. தமிழ்நாட்டில் 1989-இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கின. 1992-இல், வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டு, 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தைக் கொண்டுவந்தது. 1997-இல் இந்தக் குழுக்களுக்காகத் தமிழக அரசின் ‘மகளிர் திட்டம்’ தொடங்கிய பிறகு மாநிலம் முழுக்க இந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்துவிட்டது.

சரி, பெயருக்குள் நடப்பது என்ன? பன்னிரண்டு பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 100 ரூபாய் சேமிப்பு; பாயில் 1,200 ரூபாய் சேர்கிறது. குழுவை முன்நின்று நடத்தும் ஊக்குநர் பேர் சொல்லி வரவு வைக்கிறார்.

“எனக்கு இந்த மாசம் வேணும்க்கா, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும்.”

“பழைய கடன்ல ரெண்டு தவணை நிக்குதே?”

“ஒண்ணுதான்க்கா. போன வாரம் ஒண்ணு கட்டிட்டேன், புத்தகத்தைப் பாருங்க.”

புத்தகத்தைப் பார்க்கிறார்கள். தீர்மானம் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டதும் பணம் கைமாறுகிறது. இதற்கு உள்கடன் என்று பேர். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி என்றால், அந்த இரண்டு ரூபாயும் இதே பாய்க்குத்தான் திரும்பி வரும். கந்துவட்டிக்காரருக்குக் கட்டியது போனது போனதுதான்.

இந்த ஃபீஸ் கடனால் வீட்டின் வருமானம் கூடாது. ஆனால் அவசரத்துக்கு ஆட்டைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஏழை வீடு இன்னும் கீழே இறங்காமல் நிற்பதே பெரிய காரியம் என்று நினைக்கிறேன். வருமானம் அடுத்த கட்டம். வங்கிக் கடனில் மாடு வாங்கலாம், தையல் மெஷின் போடலாம். மாட்டுக்குக் கறவை நின்றுபோன மாதத்திலும் தவணைத் தேதி வரும். அந்த மாதம் குழுவின் பொதுச் சேமிப்பிலிருந்து போட்டுக் கட்டி, “அப்புறம் குடு” என்று சொல்லக் குழுவில்தான் ஆள் உண்டு.

‘குழு’ பழைய சொல். குழுமுதல் என்றால் கூடுதல். திருக்குறளில் (735) வரும் ‘பல்குழு’ நல்ல பொருளில் இல்லை. நாட்டில் இருக்கக் கூடாதவற்றில் ஒன்றாக, பிரிந்து பிரிந்து நிற்கும் கூட்டங்களைச் சொல்கிறது. பிரிவைச் சுட்டிய அதே சொல் இன்று இந்தப் பாயைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பேராகியிருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இப்போது என் குறைக்கு வருகிறேன். ‘சுய’ ஒருமையா பன்மையா என்று காட்டாது. தமிழ் காட்டும்: தான், தன் ஒருமை; தாம், தம் பன்மை. தன்னுதவி என்றால் ஒருத்தி தனக்குத் தானே செய்துகொள்வது. பாயில் கிடக்கும் 1,200 ரூபாய் ஒருத்தியின் பணம் இல்லையே. அதனால் ‘தம்முதவிக் குழு’ என்பதே பொருந்தும் என்பேன். வங்கிக் கணக்கும் தீர்மானப் புத்தகமும் பழைய பேரில் இருப்பதால் அங்கே மாற்ற வேண்டியதில்லை. ‘உதவிக்’ என்பதில் ‘க்’ விடாமல் எழுதினால் போதும்.

மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனங்கள் கடன் கொடுப்பதற்காகச் சேர்க்கும் கூட்டுப்பொறுப்புக் குழுவையும் ஊரில் ‘குழு’ என்றே சொல்கிறார்கள். அது வேறு. பணம் வெளியிலிருந்து வருகிறது, ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பேற்க வேண்டும், வட்டியும் வெளியே போகிறது. “குழுவில் சேருங்க” என்று யாராவது கூப்பிட்டால், கட்டுகிற வட்டி யாரிடம் போய்ச் சேருகிறது என்று முதலில் கேளுங்கள்.