ஓடினால்தான் தண்ணீர்

குவீன் மேரி 2 கப்பலின் குடிநீர்த் தொட்டிகளில் சுமார் 38 லட்சம் லிட்டர் பிடிக்கும். கேட்டால் பெரிதாகத்தான் தெரிகிறது. ஆனால் அதில் போகும் சுமார் 2,700 பயணிகளும் 1,200-க்கு மேற்பட்ட ஊழியர்களும் குளித்து, துவைத்து, சமைத்து, குடித்து ஒரு நாளைக்குச் சராசரியாக 11 லட்சம் லிட்டரைத் தீர்த்துவிடுகிறார்கள். தலைக்கு ஏறக்குறைய 280 லிட்டர். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்று பழகியவர்களுக்கு இது கொஞ்சம் கண்ணை உறுத்தும். சரி, அது இருக்கட்டும். இந்தக் கணக்கில் தொட்டி மூன்றரை நாளில் வறண்டுவிடும். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் கிளம்பி நியூயார்க் போய்ச் சேர ஏழு இரவு ஆகும். வழியில் துறைமுகம் ஏதும் கிடையாது.

சாதாரண உல்லாசக் கப்பலுக்கு இந்தக் கவலை குறைவு. அது ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். வேண்டுமானால் கரையில் குழாய் மாட்டி நிரப்பிக்கொள்ளலாம். 2004 ஜனவரியில் முதல் பயணம் போன குவீன் மேரி 2 அந்த ரகம் இல்லை. வட அட்லாண்டிக்கைக் கடப்பதற்கென்றே ஸ்டீபன் பெய்ன் வடிவமைத்த கப்பல் அது. 345 மீட்டர் நீளம், அலையைக் கிழிக்க நீண்டு கூர்த்த மூக்கு. பேரலை தொட்டுவிடக் கூடாது என்று உயிர்காப்புப் படகுகளைக்கூட வழக்கத்தைவிட உயரமாக, நீர்மட்டத்திலிருந்து 25 மீட்டரில் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கடலிலிருந்துதான். உப்பை எடுக்கக் கடல்நீரைக் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்துப் பிடித்தால் போதும். பள்ளிக்கூடத்தில் படித்த வடித்தல்தான். ஆனால் தினமும் 11 லட்சம் லிட்டரை 100 டிகிரிக்குக் கொதிக்கவைத்து ஆவியாக்குவதென்றால் எரிபொருள் செலவு கட்டுப்படியாகாது. இங்கேதான் இரண்டு தந்திரங்கள் சேர்கின்றன.

முதலாவது, குக்கருக்கு நேர் எதிரான வேலை. குக்கருக்குள் அழுத்தம் ஏறுவதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கிறது. அதனால் பருப்பு சீக்கிரம் வேகிறது. மலை உச்சியில் காற்றழுத்தம் குறைவு, கொதிநிலையும் குறைவு, பருப்பு வேகாமல் படுத்தும். கப்பலில் கடல்நீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டர் அந்த மலை உச்சியை இரும்புப் பெட்டிக்குள் கொண்டுவருகிறது. பம்ப் வைத்துக் காற்றை உறிஞ்சி, அழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்காக்கினால் தண்ணீர் ஏறக்குறைய 46 டிகிரியிலேயே கொதிக்கும். குளிக்க விளாவி வைத்த வெந்நீரைவிடக் கொஞ்சம்தான் சூடு அதிகம்.

அந்தச் சூடு இலவசமாகக் கிடைக்கிறது என்பது இரண்டாவது. டீசல் எஞ்சினில் எரியும் எண்ணெயின் ஆற்றலில் ஏறக்குறைய பாதிதான் உருப்படியான வேலையாக மாறும். மீதி புகைபோக்கி வழியாகவும் எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் வழியாகவும் வெப்பமாகப் போய்விடும். காரில் அதை ரேடியேட்டர் காற்றில் விட்டுவிடுகிறது. கப்பலில் அந்தக் குளிர்விப்பு நீரை எவாப்பரேட்டருக்குத் திருப்பிவிடுகிறார்கள். ஓர் அறையில் எழும் ஆவி மெல்லிய தகடுகளின் மறுபக்கம் போய்க் குளிர்ந்து நன்னீராகிறது. குளிரும்போது அது விடும் வெப்பம், அழுத்தம் இன்னும் குறைவான அடுத்த அறையின் கடல்நீரைக் கொதிக்கவைக்கிறது. கிராமத்து வீட்டுக் கொடி அடுப்பு ஞாபகம் இருக்கிறதா? முன்னால் சோறு கொதிக்க, மிஞ்சிய அனலில் பக்கத்து அடுப்பில் குழம்பு சூடாகும். அதே கணக்குதான்.

இப்படி மூன்று நிலையங்கள். ஒவ்வொன்றும் நாளைக்கு 6.3 லட்சம் லிட்டர் தரக்கூடியது. ஒன்று மக்கர் செய்தாலும் யாருடைய குளியலும் நிற்காது. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. இதிலிருந்து வரும் நீரில் 5 மில்லிகிராம்கூட இருக்காது. உப்புச்சப்பில்லாத தண்ணீர் என்பது இங்கே சொல்லுக்குச் சொல் உண்மை. அப்படியே குடித்தால் ருசி இருக்காது, குழாயையும் அரிக்கும் என்பதால் வடித்த நீரில் கனிமங்களையும் குளோரினையும் சேர்த்த பிறகே குழாயில் விடுவது கப்பல்களில் வழக்கம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கப்பல் மெதுவாகப் போனால் எஞ்சினுக்கு வேலை குறைவு. அதன் குளிர்விப்பு நீரும் போதுமான அளவு சூடாகாது. அப்போது தனியாக எண்ணெய் எரித்துக் கொதிகலனில் நீராவி உண்டாக்கித்தான் எவாப்பரேட்டரை ஓட்ட வேண்டும். அந்தச் செலவுக்குத் துறைமுகத்தில் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குவதே சில சமயம் லாபம். நடுக்கடலில் மலிவான தண்ணீர் வேண்டுமென்றால் கப்பல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்படியானால் பறக்கவிடலாமே? இந்தக் கப்பலால் மணிக்கு 55 கிலோமீட்டர் வரை போக முடியும். ஆனால் தண்ணீரைப் பிளந்து செல்லத் தேவைப்படும் திறன், தோராயமாக வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் திறன் எட்டு மடங்கு வேண்டும். தொடக்க ஆண்டுகளில் ஆறு இரவுகளில் கடந்த தூரத்தை இப்போது ஏழு இரவுகளில் கடக்கிறார்கள். அந்த ஒரு இரவைக் கூட்டினாலே தேவைப்படும் திறன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். பயண நாள் கூடுவதைக் கழித்துப் பார்த்தாலும் உந்துவதற்கான எரிபொருளில் கால்பங்கு மிச்சம்.

தரை ஆடாமல் இருப்பதற்கும் இதே ஓட்டம்தான் காரணம். கப்பலின் அடிவயிற்றில், பக்கத்துக்கு இரண்டாக, மீன் துடுப்பு மாதிரி ஸ்டெபிலைசர்கள் இருக்கின்றன. விமான இறக்கை காற்றில் செய்வதை இவை தண்ணீரில் செய்கின்றன. கப்பல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஜைரோஸ்கோப் சொன்னதும், ஒரு பக்கத் துடுப்பு மேல்நோக்கித் திரும்பும், மறுபக்கத் துடுப்பு கீழ்நோக்கித் திரும்பும். பாயும் நீர் ஒன்றைத் தூக்கி மற்றதை அமுக்கி, சாய்வைத் தடுக்கும். நீர் பாய்ந்தால்தான் இந்த விசை. கப்பலின் வேகம் பாதியானால் விசை கால்பங்கு. நின்றுவிட்டால் ஒன்றுமே இல்லை.

பக்கவாட்டு ஆட்டத்துக்கு மட்டும்தான் இந்த மருந்து. முன்னும் பின்னும் ஏறி இறங்குவதைத் துடுப்பால் அடக்க முடியாது, நீளம்தான் கைகொடுக்கும். ஐந்தாறு விநாடிக்கு ஒரு முறை மெதுவாக ஏறி இறங்கும் அசைவுதான் மனித வயிற்றை அதிகம் கலக்கும். உட்காதிலுள்ள திரவம் ‘ஆடுகிறது’ என்கிறது, எதிரில் உள்ள கேபின் சுவரைப் பார்க்கும் கண் ‘ஆடவே இல்லை’ என்கிறது. இரண்டுக்கும் நடுவில் மூளை திணறி, பழி வயிற்றின் மேல் விழுகிறது. மேல்தளத்துக்குப் போய்த் தொடுவானத்தைப் பார்த்தால் கண்ணும் காதும் ஒரே கதையைச் சொல்லும். அறை எடுக்கும்போதே நடுப்பகுதியில், கீழ்த்தளமாகப் பார்த்து எடுப்பவர்கள் விவரமானவர்கள். ஏற்றப்பலகையில் ஆடினாலும் நடுவில் உட்கார்ந்தவருக்கு ஆட்டம் குறைவுதானே.

அப்புறம், இந்தக் கப்பலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்: 25 மணி நேர நாள். பிரிட்டனுக்கும் நியூயார்க்குக்கும் வழக்கமாக ஐந்து மணி நேர வித்தியாசம். மேற்கே போகும்போது ஐந்து இரவுகளில் கடிகாரத்தை ஒவ்வொரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். எல்லோருக்கும் ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கம். நம் உடம்பின் கடிகாரம் இயல்பாகவே 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாக ஓடுவது என்பதால், நாளை நீட்டினால் அது முணுமுணுக்காது. விமானத்தில் ஒரே மூச்சில் விழும் ஐந்து மணி நேரம் இங்கே தவணையில் வருகிறது. திரும்பும் திசையில்தான் தொல்லை. இரவில் தூக்கத்தைப் பிடுங்குவதற்குப் பதிலாக நண்பகலில் கடிகாரத்தை முன்னால் தள்ளுகிறார்கள்: பன்னிரண்டு அடித்ததும் மணி ஒன்று. காலைச் சாப்பாடு செரிக்கும் முன்னே மதியச் சாப்பாட்டு நேரம் வந்து நிற்கும்.

கடைசி விடியற்காலையில் கப்பல் வேகத்தைக் குறைத்து, நியூயார்க் துறைமுக வாயிலில் உள்ள வெரசானோ பாலத்தை நெருங்கும். அந்தப் பாலத்தில் இடிக்காமல் நுழையும் உயரத்துக்குத்தான் அதன் புகைபோக்கியே கட்டப்பட்டது. ஸ்டெபிலைசர்கள் மடங்கி உள்ளே போகும். துறைமுக அழுக்கு நீரை யாரும் வடிக்கமாட்டார்கள். தொட்டியில் இருப்பதை வைத்துச் சமாளிப்பார்கள். மேல்தளத்தில் நாய்களுக்கென்று தனி இடம் உண்டு. இரண்டு ஊர் நாய்களும் கூச்சப்படாமல் காலைத் தூக்க, அங்கே லிவர்பூல் விளக்குக் கம்பம் ஒன்றும் நியூயார்க் தெருமுனைத் தீயணைப்புக் குழாய் ஒன்றும் நட்டிருக்கிறார்கள். ஏழு நாள் கழித்து அந்த நாய்கள் நிஜமான தெருவில் இறங்கும்.