5,040 காரணிகள் கொண்ட ஓர் எண்

"எண் பெரிதாகப் பெரிதாக அதன் காரணிகளும் கூடிக்கொண்டே போகுமா?" என்று தண்டையார்பேட்டையிலிருந்து பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். அப்படியில்லை. 96-க்கு 12 காரணிகள், அடுத்து வரும் 97-க்கு இரண்டே இரண்டு. எந்தெந்தப் பகா எண்களைப் பெருக்கி அந்த எண் வந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பர்மா பஜார் பக்கம் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் சாப்பிடப் போகிறீர்கள். மசாலா முட்டை வேண்டாம், ஒன்று, இரண்டு என மூன்று வழி. வாழைத்தண்டு சூப் வேண்டும், வேண்டாம் என இரண்டு வழி. மொத்தம் ஆறு விதமாகச் சாப்பிடலாம். 12-ம் இப்படித்தான். அது 2² × 3. இரண்டை எடுக்காமல் விடலாம், ஒருமுறை எடுக்கலாம், இருமுறை எடுக்கலாம். மூன்றை எடுக்கலாம், விடலாம். ஆக ஆறு காரணிகள். ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் போதும்.

இப்போது 18-ஐப் பாருங்கள். 2 × 3². இதற்கும் ஆறுதான். அடுக்குகள் இடம் மாறியதில் எண் வீணாகப் பெருத்துவிட்டது, காரணி ஒன்றுகூடக் கூடவில்லை! ஓர் எண் தனக்கு முந்தைய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் மிஞ்ச வேண்டுமானால், சின்னப் பகா எண்ணுக்குப் பெரிய அடுக்கு, போகப்போக அது குறையலாம், அப்படியே இருக்கலாம், கூடக்கூடாது. நடுவில் எந்தப் பகா எண்ணையும் விடக்கூடாது. கடைசி அடுக்கு 1 ஆகத்தான் இருக்கும், 4, 36 இரண்டைத் தவிர. இதை நிரூபித்தவர் ராமானுஜன். 1912-ல் நம் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கு எழுதியவர். ராயபுரத்தில் அவர் பெயரில் சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது, அவசியம் போய்ப் பாருங்கள்.

1915-ல் வந்த கட்டுரையில் இத்தகைய எண்களை அவர் கையாலேயே கணக்கிட்டு 6746328388800 வரை பட்டியல் போட்டார். அதில் ஒன்றே ஒன்று விடுபட்டுப்போனது: 293318625600. அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. பிரித்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. காரணிகள் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5,040. இந்த 5,040-ம் 60 காரணிகளோடு அதே பட்டியலில் இடம்பெறும் எண்! விடுபட்ட எண்ணை அடுத்த பகா எண்ணான 23-ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண் அப்படியே வந்து நிற்கும். காரணிகள் இருமடங்காகி 10,080.

அந்தக் கட்டுரை முழுதாக அச்சாகவில்லை. வெளியிட்ட லண்டன் கணிதச் சங்கத்துக்கு அப்போது பணமுடை. அடிப்படை ஆய்வுக்கு ஒதுக்கும் பணத்தை வீண்செலவு என்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன்: மிச்சப்பகுதி, நிக்கோலா, ராபின் என்ற இரு பிரெஞ்சுக் கணிதவியலாளர்களின் குறிப்புகளோடு 1997-ல்தான் வெளிவந்தது.