கடலடிச் சேற்றில் கார்பன் எப்படித் தங்குகிறது?

கடல்பரப்பில் மிதக்கும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 கோடி டன் கார்பனை உடலாக்கிக்கொள்கின்றன. அதில் கடலடியில் நிலையாகப் புதைவது ஒரு சதவீதம்கூட இல்லை. மீதியெல்லாம் வழியிலேயே தின்னப்பட்டு, மட்கி, மறுபடி கார்பன் டை ஆக்சைடாகிவிடும். அப்படிச் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்தும், கடலடியின் மேல் ஒரு மீட்டர் படிவில் மட்டும் சுமார் 2.3 லட்சம் கோடி டன் கரிமக் கார்பன், அதாவது உயிர்களின் எச்சத்திலிருந்து வந்த கார்பன், கிடக்கிறது.

அதைக் காப்பது ஆக்சிஜன் பஞ்சம்தான். கரையோரச் சேற்றில் குழாயைச் செருகி எடுத்துப் பாருங்கள்: மேலே பழுப்பாக மெல்லிய படலம், அதன் கீழே சாம்பல், பிறகு அழுகிய முட்டை நாற்றத்தோடு கறுப்பு. பழுப்பு நிறம் முடிவதற்குள்ளேயே, சில மில்லிமீட்டரில், ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அதற்குக் கீழுள்ள பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு, சல்பேட் என்று ஒவ்வொன்றாகப் பிடித்து மூச்சுவிடுகின்றன. படிக்குப் படி கிடைக்கும் ஆற்றல் குறைகிறது. களிமண் துகளோடு ஒட்டிக்கொண்ட கார்பனை அவற்றால் எளிதில் பிய்க்கவும் முடியாது. மணலில் இந்தப் பாதுகாப்பு இல்லை. இடைவெளிகளில் நீரோடு ஆக்சிஜனும் புகுந்து வெளியேறும்.

சேற்றிலுள்ள கார்பன் இருப்பைக் கணக்கிட, அதன் சதவீதம் மட்டும் போதாது. உலர் அடர்த்தியும் வேண்டும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள சேற்றைக் காயவைத்தால் 7 கிலோ தேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 1.5 சதவீதம் கார்பன் என்றால் 105 கிராம். அளக்கும் முன் மாதிரியை அமிலத்தில் நனைத்துச் சிப்பித்தூளின் கார்பனேட்டை விரட்டவேண்டும். மறந்தால் ஓட்டின் கார்பனும் கணக்கில் ஏறிவிடும். மாதிரி எடுக்க எடை கட்டி இறக்கும் கனமான குழாயோ, மேலுள்ள தளர்ந்த சேற்றை அடித்துத் தள்ளிவிடும். நமக்கு வேண்டியதே அந்த அடுக்குதான்.

ஏனென்றால் கடலடியை உரசி மீன்பிடிக்கும் இழுவலை கிளறுவது அதைத்தான். பலகை கட்டிய இழுவலை சராசரியாக 2.4 செ.மீ. கீறுகிறது, நீரைப் பீய்ச்சிச் சிப்பி தோண்டும் கருவி சுமார் 16 செ.மீ. இறங்கும். கிளறிய சேறு ஆக்சிஜனுள்ள நீரில் மிதக்கும்போது மட்குதல் வேகம் பிடிக்கிறது.

எவ்வளவு என்பதில்தான் சண்டை. இதனால் வலை இழுத்த முதல் ஆண்டில் 147 கோடி டன் கார்பன் டை ஆக்சைடு கடல்நீரில் கலக்கலாம் என்று 2021இல் ஓர் ஆய்வு சொன்னது. பழைய, மசியாத கார்பனைப் புதுப்பாசிபோல வேகமாக மட்கும் என்று எடுத்துக்கொண்டது தவறு என்று மறுப்பு வந்தது. மறுப்பில் நியாயம் இருக்கிறது. தவிர, வலை மண்ணைக் கிளறும் புழுக்களையும் கொல்கிறது. புழு இல்லாத சேற்றில் ஆக்சிஜன் உள்ளே போவதும் குறையும். ஆக, விளைவு இரண்டு திசையிலும் இழுக்கும். இன்னொரு பக்கம், கறுப்புச் சேற்றிலுள்ள இரும்பு சல்பைடு ஆக்சிஜன் பட்டால் அமிலம் உண்டாகும். அது நீரின் காரத்தன்மையைக் குறைத்து, கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துவைக்கும் திறனையும் குறைக்கும். இதைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க வலை படாத சேற்றுப்பரப்பு வேண்டும். ஆழம் குறைந்த கடலில் அது கிடைப்பது அரிது. வலை போகாத இடம் பெரும்பாலும் பாறையாகத்தான் இருக்கும்.