கொழுக்குமலைக்கு ஜீப் எப்படி ஏறுகிறது?

கொழுக்குமலை இருப்பது தேனி மாவட்டத்தில். ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளத்துக்குள் நுழைந்து, மூணாறு பக்கத்துச் சூரியநெல்லியிலிருந்துதான் ஏற முடியும். நம் பக்கம் குரங்கணியிலிருந்து நடைபாதை மட்டுமே உண்டு. சூரியநெல்லியிலிருந்து தூரம் சுமார் 12 கிலோமீட்டர்தான், ஜீப்புக்கோ ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். சூரிய உதயம் பார்க்கிற கூட்டத்தை ஏற்றிக்கொண்டு இருட்டோடு இருட்டாக ஜீப்புகள் வரிசையாகக் கிளம்பும். கொஞ்ச தூரத்தில் தார் முடிந்துவிடும். அதற்கப்புறம் தேயிலைச் செடிகளுக்கு நடுவே பெயர்ந்த பாறைகளும் மழைநீர் அறுத்த பள்ளங்களும்தான் பாதை. 7,000 அடி உயரத்தைத் தாண்டும் வரை இதே கதை.

இந்தப் பாதையில் ஓடும் ஜீப்புகளில் பல, பழைய மஹிந்திரா வண்டிகள். இன்று நகரத்தில் ஓடும் சாதாரணக் குடும்பக் கார்கள் பலவற்றின் எஞ்சின், குதிரைசக்தியில் இவற்றை மிஞ்சிவிடும். அந்தக் கார்கள் முதல் பாறையிலேயே நின்றுவிடும் இடத்தில், ஆட்களை நிறைத்துக்கொண்டு இந்த ஜீப் நிதானமாக ஏறிப் போகிறது. இதற்கான காரணத்தில் பாதி கியர் பெட்டியில் இருக்கிறது. மீதிப் பாதி, டயர் மண்ணைத் தொடுகிற இடத்தில்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆட்களோடு சேர்த்து 1,800 கிலோ எடையுள்ள ஜீப், 20 டிகிரி சரிவில் ஏறுகிறது. 100 அடி கிடையாக நகர்ந்தால் 36 அடி உயரும் ஏற்றம் அது. அந்தச் சரிவில் புவியீர்ப்பு வண்டியைப் பின்னால் இழுக்கும் விசை, சுமார் 615 கிலோ எடைக்குச் சமம். இதைவிடக் கொஞ்சம் கூடுதலான விசையை டயர்கள் தரைமேல் செலுத்தியாக வேண்டும். டயர் வழுக்காமல் அவ்வளவு விசையைத் தரை தாங்கவும் வேண்டும். உராய்வுக் குணகம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதுதான் இங்கே தீர்ப்புச் சொல்கிறது. காய்ந்த தார் ரோட்டில் அது 0.7, 0.8 வரை இருக்கும். உதிரிச் சரளையில் 0.5 கிடைத்தாலே நல்லது. ஈர மண்ணில் இன்னும் கீழே போய்விடும்.

பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கிற வண்டியில், ஏற்றத்தின்போது பின்பக்கம் விழுவது மொத்தப் பாரத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. அந்தப் பாரத்தை வைத்துக்கொண்டே முழு வண்டியையும் தள்ள வேண்டும். அதற்கு 0.55 அளவுக்கு உராய்வு தேவை. சரளையில் அது கிடைக்காது. சக்கரம் சுழலும், வண்டி நகராது. நான்கு சக்கரங்களும் இழுத்தால் முழுப் பாரமும் பிடிமானத்துக்கு உதவும், தேவை 0.36 ஆகக் குறைந்துவிடும். அதே சரளை இப்போது போதும். ஃபோர் வீல் டிரைவ் எஞ்சினுக்குப் புதிதாக எந்தச் சக்தியும் தருவதில்லை. இருக்கிற பிடிமானம் முழுவதையும் பயன்படுத்த விடுகிறது, அவ்வளவுதான்.

தார் முடிகிற இடத்தில் சில டிரைவர்கள் இறங்கி, முன்சக்கரத்தின் நடுவே இருக்கும் வட்டமான குமிழைக் கையால் திருகுவதைப் பார்க்கலாம். அது ஃப்ரீ வீலிங் ஹப். அதைப் பூட்டினால்தான் முன் ஆக்சில், அதாவது முன்சக்கரங்களைச் சுற்றும் தண்டு, சக்கரத்தோடு இணையும். அப்புறம் உள்ளே ஏறி, கியர் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டைக் கம்பியை இழுப்பார்கள். அது டிரான்ஸ்ஃபர் கேஸுக்கானது. முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் அது ஒன்றாகப் பூட்டிவிடுகிறது. இதைத் தார் ரோட்டிலேயே செய்யாததற்குக் காரணம் உண்டு. வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். சரளையில் டயர் லேசாக வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழுக்க இடமில்லை. முறுக்கம் முழுவதும் ஷாஃப்டிலும் ஜாயின்டிலும் ஏறி, ஒருநாள் ஏதாவது ஒன்று உடையும்.

அந்தக் குட்டைக் கம்பியில்தான் லோ கியரும் இருக்கிறது. சைக்கிளில் கியர் மாற்றி மேடு ஏறியவர்களுக்கு இது புதிதல்ல: கால் வேகமாகச் சுற்றும், சக்கரம் மெதுவாக உருளும், மிதிப்பது லேசாகிவிடும். மஹிந்திரா ஜீப்புகளின் மூதாதையான பழைய வில்லிஸ் ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ விகிதம் 2.46. முதல் கியரின் விகிதம் 4, ஆக்சிலின் விகிதம் 4.88 என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் 48. எஞ்சின் 48 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. எஞ்சின் 100 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை கொடுத்தால், லோ இல்லாத முதல் கியரில் சக்கரங்களுக்குக் கிடைப்பது சுமார் 570 கிலோ விசை. தேவையோ 615. ஏறாது. லோ போட்டால் அதே எஞ்சின் 1,400 கிலோ கொடுக்கும். ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல், எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும்போது வண்டியின் வேகம் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் சொச்சம். நடந்து போகிறவர் முந்திவிடுவார். பாறைமேல் ஒவ்வொரு சக்கரத்தையும் பார்த்துப் பார்த்து வைக்க இந்த வேகம்தான் வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எஞ்சினால் 1,400 கிலோ தள்ள முடியும். 0.5 உராய்வுள்ள சரளையால் தாங்க முடிந்ததோ சுமார் 850 கிலோதான். ஆக்சிலேட்டரை முழுக்க அமுக்கினால் மிச்சம் எல்லாம் சக்கரத்தைச் சுழற்றுவதில்தான் போகும். சுழல ஆரம்பித்த டயருக்குப் பிடிமானம் இன்னும் குறையும், கல்லைப் பின்னால் வாரி எறியும், தனக்கே குழி தோண்டும். நல்ல டிரைவர் அந்த எல்லைக்குக் கீழேயே எஞ்சினை வைத்திருப்பார். அவருடைய வண்டியில் எஞ்சின் கத்தாது, டயர் புகையாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும். இந்த நிதானத்தைப் போல வாகனம் ஓட்டுவதில் அழகான திறமை வேறெதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி சில நேரம் அப்படியே நின்றுவிடுவதும் உண்டு. குறுக்காக ஒரு பள்ளம். முன் இடதும் பின் வலதும் அந்தரத்தில். தரையில் இருக்கும் இரண்டு சக்கரங்களும் அசையவில்லை, காற்றில் இருப்பவை மட்டும் சுற்றுகின்றன. இதற்குக் காரணம், ஆக்சிலின் நடுவே இருக்கும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு. வளைவில் வெளிச்சக்கரம் வேகமாக ஓட இடம் கொடுப்பதற்காக, அது இரண்டு பக்கத்துக்கும் சமமான திருப்புவிசையைப் பிரித்துக் கொடுக்கிறது. அந்தரத்தில் இருக்கும் சக்கரத்தைச் சுற்றக் கிட்டத்தட்ட எந்த விசையும் வேண்டாம். அதற்குச் சமமாக, அதாவது கிட்டத்தட்ட ஒன்றுமில்லாத அளவுதான், தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் போகும். இதற்கு அனுபவசாலிகள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: ஆக்சிலேட்டரை விடாமல் பிரேக்கை லேசாகத் தொடுவது. பிரேக், சுழலும் சக்கரத்துக்கு எதிர்ப்பைக் கொடுக்கிறது. எதிர்ப்பு கூடியதும் அதே அளவு விசை மறுபக்கத்துக்கும் போகும். ஆனால் அதே பிரேக் மறுபக்கத்துச் சக்கரத்தையும் பிடிப்பதால் இந்த வழி எப்போதும் பலிக்காது. மாருதியின் ஜிம்னி போன்ற இன்றைய வண்டிகளில் சுழலும் சக்கரத்தை மட்டும் பார்த்து கம்ப்யூட்டரே பிரேக் பிடித்துவிடுகிறது.

சொந்த வண்டியில் மலைப்பாதைக்குப் போகிறவர்கள் டயரில் காற்றைக் குறைப்பதும் பிடிமானத்துக்காகத்தான். காற்று குறைந்த டயர் கல்லின்மேல் துள்ளாமல் அதைச் சுற்றிப் படிந்துகொள்ளும். தாருக்குத் திரும்பியதும் மறக்காமல் காற்றடிக்க வேண்டும். குறைந்த காற்றில் வேகமாக ஓடினால் டயர் சூடேறிப் பிய்ந்துவிடும்.

ஏறுவதைவிட எனக்குப் பயமான விஷயம் இறங்குவது. 1,800 கிலோ வண்டி 600 மீட்டர் உயரம் இறங்கினால் ஒரு கோடி ஜூலுக்கு மேல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். அத்தனையும் 40 கிலோ இரும்பாலான பிரேக் பகுதிகளுக்குள் போய், வழியில் கொஞ்சமும் ஆறாமல் இருந்தால், வெப்பநிலை 500 டிகிரிக்கு மேல் உயரும். அவ்வளவு தூரம் போவதற்கு முன்பே பிரேக்கின் பிடி தளர்ந்துவிடும். அதனால் லோ முதல் கியரைப் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். இப்போது சக்கரம்தான் எஞ்சினைச் சுற்ற வேண்டும். எஞ்சினின் உள் உராய்வும் அழுத்த இழப்பும் 48 மடங்காகப் பெருகிச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும். பயத்தில் கிளட்சை மிதித்தால் அந்தப் பிடி அந்தக் கணமே போய்விடும். பிரேக்கை ஓங்கி மிதித்துச் சக்கரம் பூட்டிக்கொண்டாலும் ஆபத்துதான்: பூட்டிய டயர் சரளையில் வழுக்கும், ஸ்டியரிங் திருப்பினாலும் வண்டி திரும்பாது.

கூட்டமாகப் போகும்போது இதே இயற்பியல் வண்டிகளுக்கு நடுவேயும் வேலை செய்கிறது. செங்குத்தான ஏற்றத்தில் ஒரு வண்டி மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்தது கிளம்ப வேண்டும். முன்னால் இருப்பது பின்னுக்கு வழுக்கலாம், அதன் டயர் பெயர்க்கிற கல் உருண்டு வரலாம். எதிரெதிரே சந்தித்தால் ஏறுகிற வண்டிக்கு வழிவிடுவது வழக்கம். ஏற்றத்தில் நின்று மறுபடி நகரத்தான் அதிகப் பிடிமானம் வேண்டும். மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்க, நீளக்கூடிய நைலான் கயிறு நல்லது. இழுக்கும் வண்டி நகர நகரக் கயிறு நீண்டு ஆற்றலைச் சேமித்து, வெடுக்கென்ற அதிர்ச்சி இல்லாமல் மற்றதை வெளியே கொண்டுவரும். அந்த ஆற்றல்தான் எமனும். கயிற்றை டிரெய்லர் மாட்டும் குண்டில் கட்டி, குண்டு பிய்ந்துகொண்டால் அது பீரங்கிக் குண்டு போலப் பறக்கும். சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், உறுதியாகப் பொருத்திய கொக்கியில் மட்டுமே கட்ட வேண்டும். இழுக்கும்போது ஒருவரும் கயிற்றின் பக்கத்தில் நிற்கக் கூடாது.

சக்கரம் சுழன்றால் நஷ்டம் வண்டிக்கு மட்டும் இல்லை. டயர் தோண்டிய தடத்தில் அடுத்த மழையின் தண்ணீர் ஓடும். ஓடுகிற தண்ணீர் அதை வாய்க்காலாக்கும். அதைத் தவிர்க்க அடுத்த வண்டி ஓரமாக ஒதுங்கிப் புல்வெளியில் ஏறும், அங்கேயும் ஒரு தடம் விழும். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் புல்வெளிகளில் மண் மெல்லிய படலம்தான். போனால் சீக்கிரம் திரும்பாது. வரையாடு மேய்கிற புல் அது. பாதை மோசமாக இருக்கிற இடத்தில் புல்லில் ஏற்றாமல், இறங்கி நடந்து பார்த்து, கல்லை நகர்த்தி வைத்து, போட்ட தடத்திலேயே லோ கியரில் ஏறிப் போங்கள்.